இரண்டாக வெட்டிய கறுப்புக் கட்டை

பழவேற்காட்டில் ஒல்லாந்துக் கம்பெனியின் கெல்டிரியா கோட்டையில், இறந்துபோன கணக்கர் ஒருவரின் சாமான்களை ஏலம் போட்டார்கள். தீனிஸ் அங்கே ஒரு நாற்காலி வாங்கத்தான் போனான். திரும்பி வந்தபோது இரண்டு கூலியாட்கள் தலையில் ஒரு நீளப் பெட்டியோடு பின்னால் வந்தார்கள். நாற்காலி இல்லை.

"இன்னாத்துக்குயா இந்த சவப்பொட்டி?" என்று அவன் மனைவி ஆரோக்கியமேரி வாசலில் நின்று கேட்டாள்.

தீனிஸ் ஒல்லாந்திலிருந்து கம்பெனிக் கப்பலில் வந்த தச்சன். கப்பல்களுக்குப் பலகை மாற்றுவதும் கோட்டைக் கதவுகளைச் சீர்படுத்துவதும் அவன் வேலை. ஆரோக்கியமேரியைக் கட்டிக்கொண்ட பிறகு அவன் பேச்சு முழுக்க இந்தக் கரையின் பேச்சாகிவிட்டது. சுத்தியலில் விரல் நசுங்கினால்கூடத் தமிழில்தான் திட்டுவான்.

பெட்டியை இறக்கி வைத்ததும் அவன் மூடியைத் திறந்தான். அது ஒரு வாத்தியப் பெட்டி. உள்ளே எலும்புத் தகடு ஒட்டிய வெள்ளைக் கட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுநடுவே சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள். பின்னால் குறுக்காக இழுத்துக் கட்டிய பித்தளைக் கம்பிகள். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு குச்சி எழும்பும். அதில் செருகிய காக்கை இறகின் காம்பு கம்பியைச் சுண்டிவிடும்.

ஆரோக்கியமேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுடைய அம்மா பவுனம்மாள் ஏரியில் கையால் துழாவி நண்டும் இறாலும் பிடிக்கிறவள். மகளைச் சின்ன வயதில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயிலில் ஆர்கனுக்குத் துருத்தி மிதிக்க விட்டிருந்தாள். மிதித்துக்கொண்டே பார்த்துப் பார்த்து, ஆள் இல்லாத நேரத்தில் தோழி ஒருத்தியை மிதிக்கச் சொல்லி வாசித்து வாசித்து, ஆரோக்கியமேரிக்கு வாசிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே எலிகள் துருத்தித் தோலைத் தின்றுவிட்டன. ஆர்கன் ஊமையாகிப் போனது. ஆனால் அவள் விரல்கள் மறக்கவில்லை.

"தூக்கத்துல உன் விரலு என் முதுகுல வாசிக்குது மேரி," என்றான் தீனிஸ். "அதான் வாங்கியாந்தேன். ஏதோ ஒண்ணுல வாசிச்சிட்டுப் போ. முதுகு தப்பிக்கும்."

உட்கார நாற்காலி இல்லாததால் அவனுடைய உளிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாதாவுக்கான அந்திப் பாட்டைத் தொடங்கினாள். வலது கை ஓடியது. இடது கை கீழே போய் ஓரத்துக் கட்டையை அழுத்தியதும் பாட்டு தடுக்கி விழுந்தது. மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடி விழுந்தது.

"செஞ்சவன் கட்டைய மாத்தி வெச்சிகீறான்யா."

தீனிஸ் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். "இல்ல மேரி. எல்லாம் வரிசையாத்தான் கீது."

"அதான் தப்பு," என்றாள் அவள்.

கோயில் ஆர்கனைச் செய்தவன் சிக்கனக்காரன். ஆழ்ந்த சத்தம் தரும் குழாய்கள் ஆள் உயரத்துக்கு வரும். ஈயம் நிறையப் பிடிக்கும். அதனால் பாட்டில் அபூர்வமாக வரும் சத்தங்களுக்கு அவன் குழாயே வைக்கவில்லை. அந்தக் கட்டைகளுக்கு, அடிக்கடி தேவைப்படும் ஆழ்ந்த சத்தங்களைக் கொடுத்துவிட்டான். இடது ஓரத்து வெள்ளைக் கட்டையும் அதை ஒட்டி வரும் இரண்டு கறுப்புக் கட்டைகளும் அப்படிப்பட்டவை. பார்த்தால் ஒரு சத்தம் வரும்போல் இருக்கும், அழுத்தினால் அதைவிடக் கீழே வேறொன்று வரும். ஆரோக்கியமேரியின் கைக்கு அதுதான் ஒழுங்கு. ஏலத்தில் வந்த பெட்டியிலோ சத்தம் படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு படியாக ஏறியது.

மறுநாள் காலையில் தீனிஸ் அந்த மூன்று கட்டைகளுக்கான கம்பிகளையும் தளர்த்தினான். தளர்ந்த கம்பி கொஞ்சம் கொரகொரத்தது. ஆனால் சத்தம் அவள் தேடிய இடத்தில் இருந்தது. அந்திப் பாட்டை அவள் முழுதாக வாசித்து முடித்தபோது அவன் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வெங்காயம் என்று சொல்லி முகத்தைத் துடைத்தான். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் வெங்காயம் அரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். முப்பது வயதைத் தாண்டியவள். ஒல்லாந்துக்காரிகள் போலக் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நம் ஊர்க்காரிகள் போல இழுத்துக் கட்டிய கொண்டை.

"உள்ள வரலாமா? அது எங்க வூட்டுப் பொட்டி."

அவள் பெயர் யூதித்து. இறந்துபோன கணக்கரின் மகள். அம்மா இந்த ஊர்க்காரி. யூதித்து சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். யூதித்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோட்டைக்காரர்களுக்குக் கழுத்துப் பட்டியும் சரிகை ஓரமும் தைத்துக் கொடுத்து வாழ்கிறாள். கம்பெனி வழக்கப்படி அப்பாவின் சாமான்கள் எல்லாம் ஏலத்துக்குப் போனபோது அவளால் எதையும் நிறுத்தி வைக்க முடியவில்லை.

"தெருவுல போய்க்கினு இருந்தேன். சத்தம் கேட்டுது," என்றாள். "ஒரு தபா வாசிச்சிட்டுப் போயிடறேன்."

ஆரோக்கியமேரி உடனே எழுந்து இடம் கொடுத்தாள். யூதித்து உளிப் பெட்டியில் உட்கார்ந்து ஒரு நடனப் பாட்டை வாசித்தாள். நீளமான விரல்கள். மெதுவான, கொஞ்சம் துள்ளும் பாட்டு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவள் இடது கை கீழே இறங்கி ஒரு கறுப்புக் கட்டையைத் தொட்டது. அங்கே வரவேண்டிய சத்தம் வரவில்லை. சூடான சட்டியைத் தொட்டவள்போல் கையை எடுத்துவிட்டாள்.

"அடியில இன்னா பண்ணீங்க?"

"எனுக்குத் தோதா மாத்திக்கினேன் அக்கா. எங்க கோயில்ல அப்பிடித்தான் இருந்துது."

"அந்தக் கறுப்பு எனுக்கு வோணும்."

"அத்த யாரு தொடறாங்க? எந்தப் பாட்டுல வருது?"

"ஒண்ணுல வருது," என்றாள் யூதித்து.

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் யூதித்து வருவது என்று முடிவானது. வந்ததும் முதல் வேலையாக அந்த மூன்று கம்பிகளையும் முறுக்கித் தன் வழிக்குக் கொண்டுவருவாள். அவள் வாசித்து முடித்ததும் ஆரோக்கியமேரி அவற்றைத் தளர்த்தித் தன் வழிக்குக் கொண்டுபோவாள். ஒருத்தி மாற்றுவதை மற்றவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். கை முறுக்குவதில் இருக்கும்; வாய் சும்மா இருக்காது.

"உன்னுது குடிகாரன் கட்டின வூடு," என்பாள் யூதித்து. "வாசப்படின்னு காலு வெச்சா கெணத்துல வுழறேன்."

"உங்களுது சிப்பாய்ங்க வரிசை. ஒருத்தனும் பக்கத்துல இருக்கறவங்கிட்ட பேசமாட்டான். என்னுதுல பாருங்க, எனுக்கு எது வோணுமோ அது கைக்குக் கிட்ட நிக்குது."

"உன் கை சின்னது. அதான் உனுக்கு எல்லாம் கிட்ட நிக்கணும்."

"ஆமா. எங்கம்மா வயித்துல நண்டு புடிக்கிற கைதான் பொறக்கும்."

பேசிப் பேசி யூதித்து வரும் நாள் அந்த வீட்டுக்கு ஒரு சின்னப் பண்டிகைபோல் ஆகிவிட்டது. அன்றைக்கு ஆரோக்கியமேரி இறால் வறுப்பாள். யூதித்து வெட்டி மீந்த துணியில் ஏதாவது தைத்துக்கொண்டு வருவாள். தீனிஸ் வேலை முடிந்து வந்து, இவர்கள் எந்தப் பக்கம் பேசினாலும் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி தெருவுக்கு வந்தது. ஈரத்தில் மரம் ஊதிக் கட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசின. அப்படி ஒரு நாள் யூதித்து ஓரத்துக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது, பட்டென்று சத்தம் கேட்டது. கம்பி அறுந்து சுருண்டு அவள் மணிக்கட்டில் கீறியது. பெட்டியிலேயே தடிமனான கம்பி அதுதான். மாற்றுக் கம்பி கோட்டையிலும் இல்லை. மழைக்காலத்தில் இந்தக் கரைக்குக் கப்பலும் வராது.

"எத்தினி தபா சொன்னேன், இவ்ளோ முறுக்காதீங்கன்னு," என்றாள் ஆரோக்கியமேரி. யூதித்து மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். "இது இப்ப உங்க நைனா பொட்டி இல்ல அக்கா. எங்க வூட்டுக்காரர் வாங்கியாந்தது."

யூதித்து கொண்டுவந்த துணியை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆரோக்கியமேரி இறாலை வறுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் தீனிஸ் அறுந்த கம்பிக்குப் பதிலாக ஒரு தூண்டில் நரம்பைக் கட்டிப் பார்த்தான். அது தவளை கத்துவதுபோல் கத்தியது. ஆரோக்கியமேரி சிரித்தாள், பிறகு அழுதாள்.

"சொல்லக்கூடாத வார்த்தைய சொல்லிட்டேன்யா," என்றாள்.

"போய்ப் பாத்துட்டு வா," என்றான் அவன்.

தெருவில் நடக்க வழி இல்லாததால் பவுனம்மாள் தோணியில் வந்து மகளை ஏற்றிக்கொண்டாள். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் யூதித்தின் வீடு. ஒரே அறை. கதவு திறந்திருந்தது. யூதித்து துணி வெட்டும் மேசையின் முன்னால், இவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்கள் மெதுவாக அசைந்தன. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

ஆரோக்கியமேரி கிட்டே போய்ப் பார்த்தாள். மேசையின் ஓரத்தில் கரியால் கட்டைகள் வரைந்திருந்தன. வெள்ளைக்கு வெறும் கோடு. கறுப்புக்குத் தீட்டிய கட்டம். அதன்மேல் யூதித்தின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

யூதித்து திரும்பவில்லை, ஆனால் யார் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரல்கள் நிற்காமல் போயின. நடுவில் இடது கை அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு இறங்கியபோது மட்டும் அவள் வாயைத் திறந்து, தாழ்ந்த குரலில் அந்த ஒரு சத்தத்தைப் பாடினாள். பிறகு மறுபடி மௌனமாக வாசித்து முடித்தாள்.

"நைனா இந்த எடத்துல மட்டும் நிறுத்துவாரு," என்றாள். "நான் சின்னப் புள்ள. அவரு மடியில ஒக்காந்திருப்பேன். அவரு கை ரெண்டும் வேலையா இருக்கும். இங்க வந்ததும், நீ தட்டுன்னுவாரு. பாட்டு மொத்தத்துலயும் எனுக்கு அது ஒண்ணுதான். நான் தட்டினாதான் மேல போவாரு."

ஆரோக்கியமேரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் அன்னிக்கு பேசினது தப்பு அக்கா."

"கம்பிய அறுத்தது நான்தானே."

"கம்பி போவுது. நீங்க வராம எனுக்கு எறா எறங்கல."

பவுனம்மாள் வாசலில் குடலையை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் அழுது முடிச்சிட்டு சொல்லுங்க. நண்டு உசிரோட கீது," என்றாள்.

நண்டு வெந்துகொண்டிருந்தபோது ஆரோக்கியமேரி அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரிக் கட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தது. யூதித்தின் நீள விரல் பட்டுப் பட்டு, கறுப்புக் கட்டத்தின் உள்பக்கம் தேய்ந்து மங்கியிருந்தது. முன்பக்கம் கரி அப்படியே இருந்தது. அவள் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடைய குட்டை விரல் முன் ஓரத்தோடு நின்றுவிட்டது.

"அக்கா, இன்னொரு தபா கைய வையுங்க."

யூதித்து வைத்தாள். உள்பக்கம் ஒரு விரல், முன்பக்கம் ஒரு விரல். ஒரே கட்டத்தில் இரண்டும் இடிக்காமல் இருந்தன.

அன்று வீடு திரும்பியதும் அவள் ஈரப் புடவையைக்கூட மாற்றவில்லை. "அந்த ரெண்டு கறுப்பையும் குறுக்கால வெட்டு," என்றாள் தீனிஸிடம். "முன்னால பாதி எனுக்கு. பின்னால பாதி அவங்களுக்கு."

தீனிஸ் சற்றுநேரம் பெட்டியின் உள்ளே குனிந்து பார்த்தான். சின்ன வயதில் தன் ஊருக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு கோயிலில் இப்படி வெட்டிய கட்டையைப் பார்த்த ஞாபகம் அவனுக்கு இருந்தது. அது சிறுபிள்ளைக் கற்பனை என்று நினைத்திருந்தான். "ஒரு கட்ட ரெண்டானா உள்ள குச்சியும் ரெண்டு வோணும், கம்பியும் ரெண்டு வோணும்," என்றான். "எடம் கம்மி. தப்பா வெட்டினா ஒண்ணும் இல்லாம போயிடும்."

"தப்பா வெட்டாத."

முதல் கட்டை தப்பாகத்தான் போனது. ரம்பம் பாதியில் இருக்கும்போது மரம் நாரோடு பிளந்து விரிசல் நீளமாக ஓடிவிட்டது. தீனிஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆரோக்கியமேரி அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்துவிட்டு, கோட்டைப் பட்டறையிலிருந்து கருங்காலித் துண்டு ஒன்று வாங்கி வந்து இரண்டு கட்டைகளையும் புதிதாகவே செய்தான். ஒவ்வொன்றும் முன்பாதி தனி, பின்பாதி தனி. இடையில் நகம் நுழையும் அளவு இடைவெளி.

தை பிறந்து முதல் கப்பல் வந்ததும் கம்பி கிடைத்தது. இடது ஓரத்து வெள்ளையிலிருந்து இரண்டாவது கறுப்புவரை கட்டை ஐந்து இருந்த இடத்தில் இப்போது ஏழு சத்தம் வந்தது.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இடது ஓரத்து வெள்ளைக் கட்டையை வெட்ட இடமில்லை. அது ஒருத்திக்குத்தான் சேர முடியும். ஆரோக்கியமேரியின் வழியில் வைத்தால், அங்கே இருந்த யூதித்தின் சத்தம் இரண்டாவது கறுப்புக் கட்டையின் முன்பாதிக்குப் போகவேண்டும்.

"அத்த நீங்களே வெச்சிக்கங்க அக்கா," என்றாள் ஆரோக்கியமேரி. "நான் பழகிக்கறேன்."

யூதித்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கறுப்பின் பின்பாதியை அழுத்தியபோது கையை எடுக்காமல், சத்தம் முழுதாக அடங்கும்வரை வைத்திருந்தாள்.

"எனுக்கு இது வந்துட்டுது," என்றாள். "ஓரத்துக் கட்டை உனுக்கு. உன் பாட்டு அதுலதானே முடியுது. நான் கெணத்துல வுழுந்து வுழுந்து ஏறிக்கறேன்."

அவள் விழத்தான் செய்தாள். மாசி முழுக்க இடம் மாறிப்போன அந்த ஓரத்துச் சத்தத்தைப் பழைய இடத்தில் தேடிப்போய்ப் பாதாளத்தில் இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் ஒல்லாந்து மொழியில் ஒரு வார்த்தை சொல்வாள். அதற்கு இன்ன அர்த்தம் என்று தீனிஸ் மனைவியிடம் சொல்ல மறுத்துவிட்டான். ஆரோக்கியமேரியும் தப்பவில்லை, அவசரத்தில் அவள் விரல் கொஞ்சம் உள்ளே போனால் மாதாவின் பாட்டுக்கு நடுவில் யூதித்தின் சத்தம் ஒலிக்கும்.

ஒரு மாலை பவுனம்மாள் ஏரியிலிருந்து நேராக வந்தாள். சேலை ஓரத்தில் சேறு காயவில்லை. பெட்டி வந்து இத்தனை மாதத்தில் அவள் அதன் கிட்டே போனதே இல்லை. அன்றைக்கு என்ன நினைத்தாளோ, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் அங்கங்கே தட்டிப் பார்த்தாள். வெட்டிய கட்டைக்கு வந்ததும் முன்னால் தட்டினாள், பின்னால் தட்டினாள்.

"இந்தப் பின்னால இருக்கறது இன்னாத்துக்கு?"

"ஒரே பாட்டுல வருது அம்மா," என்றாள் யூதித்து. "அதுலயும் ஒரு தபாதான்."

"இருந்துட்டுப் போவட்டும்," என்று சொல்லிவிட்டு பவுனம்மாள் அடுப்படிக்குப் போனாள்.

யூதித்து அந்த நடனப் பாட்டைத் தொடங்கினாள். ஆரோக்கியமேரி அவளுக்கு இடது பக்கத்தில் உளிப் பெட்டியின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். பாட்டு நடுவுக்கு வந்ததும் யூதித்து இரண்டு கைகளையும் அப்படியே நிறுத்தினாள்.

"நீ தட்டு," என்றாள்.

ஆரோக்கியமேரி கையை நன்றாக உள்ளே நீட்டி, பின்பாதியில் விரலை வைத்து அழுத்தினாள். தீனிஸ் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தான். சத்தம் கேட்டதும் அசையாமல் நின்றான். யூதித்து மேலே வாசித்தாள். பாட்டின் கடைசிப் பகுதியில் மறுபடி கிணற்றில் விழுந்து, அந்த ஒல்லாந்து வார்த்தையைச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.